டிப்ஸ்டிக் எங்கே போனது?

போன சித்திரை லீவில் மாமாவின் 121 கொரோலாவுக்குக் கீழே நானும் அவரும் மல்லாக்கப் படுத்திருந்தோம். முன் சில்லுகள் இரண்டும் நிலத்தைவிட்டு மேலே, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது எண்டது மாமா சொன்ன முதல் பாடம். ஓட்டோ கியர்பொக்ஸின் அடியிலிருந்த ட்ரெயின் நட்டை அவர் கழற்றினார். பேசினுக்குள் விழுந்த எண்ணெயைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. புதுசாகப் போத்தலில் இருக்கும்போது அது நெக்டோ சோடா மாதிரிச் சிவப்பாக இருக்கும். இது சாயம் கூடிப்போன பிளேன்ரீ. எரிந்த மணம் வேறு.

மாமா அந்தக் காருக்கு மூன்றாவது சொந்தக்காரர். அவருக்கு முன்பிருந்தவர்கள் இந்த எண்ணெயை ஒருமுறையாவது மாத்தினார்களோ தெரியாது. ஒரு வருடத்துக்கு முன்னர் அவர் ஒரு கராஜில் கேட்டபோது, "இது லைஃப்டைம் ஒயில் அண்ணை, மாத்தத் தேவையில்லை. மாத்தினா கியர் போயிடும்" எண்டு சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ஆற்ற லைஃப்டைம் எண்டு கேட்டனான் பிள்ளை. பெடியன் சிரிச்சான், பதில் சொல்லேல்லை" என்றார் மாமா.

121 கொரோலாவுக்கு அப்படி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. பொனட்டைத் திறந்தால் எஞ்சின் ஒயிலுக்கு ஒரு டிப்ஸ்டிக், கியர் ஒயிலுக்கு இன்னொரு டிப்ஸ்டிக். எடுத்துப் பார், துடை, திரும்ப வை என்றுதான் அந்தக் கார் சொல்கிறது. அதற்குப் பிறகு வந்த கார்கள் பலவற்றில் அந்த இரண்டாவது டிப்ஸ்டிக் இல்லை. அது எப்போது, ஏன் இல்லாமல் போனது என்று தேடத் தொடங்கி, நான் கடைசியில் ஒரு திமிங்கிலத்தின் தலைக்குள் போய் நின்றேன்.

முதலில் அந்த எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். மனுவல் காரில் எஞ்சினையும் சில்லுகளையும் பிரிப்பதும் சேர்ப்பதும் எங்கட இடது கால். கிளச்சை மிதிக்கிறோம், கியரைப் போடுகிறோம், விடுகிறோம். அங்கே எண்ணெய்க்குப் பற்சில்லுகள் தேயாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஓட்டோவில் கால் செய்த வேலை முழுவதையும் எண்ணெய் எடுத்துக்கொள்கிறது. எஞ்சினின் சக்தி எண்ணெய்க்குள்ளால்தான் கியருக்குப் போகிறது. எந்தக் கியர் வேண்டும் என்று முடிவானதும், அதற்குரிய கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது எண்ணெயின் அமுக்கம். சூட்டை வெளியே காவிக்கொண்டு போவதும் அதுதான், தேய்மானத் தூளைப் பில்டர் வரை கொண்டுபோவதும் அதுதான். ஆக, மற்ற எண்ணெய்களைப் போல இதை ஒரு மசகு என்று மட்டும் சொல்ல ஏலாது. இது அந்த இயந்திரத்தின் ஒரு பாகம்.

எண்ணெய்க்குள்ளால் சக்தியை அனுப்பலாம் என்ற யோசனை காருக்காக வந்ததல்ல, கப்பலுக்காக வந்தது. நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுற்றும். கப்பலின் புரொப்பெல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் நீரைத் தள்ளும். இந்த இரண்டையும் இணைக்க வழி தேடிய ஜேர்மன் பொறியியலாளர் ஹேர்மன் ஃபோட்டிங்கர், ஷ்டெற்றினில் இருந்த வுல்கான் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தவர். 1905 இல் அவர் காப்புரிமை எடுத்தார். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைப் போட்டுவிட்டால், காற்றுப் பட்டு மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய், இரண்டையும் மூடி ஒரு சட்டி. இவ்வளவுதான் அடிப்படை. இரண்டுக்கும் நடுவில் இரும்புத் தொடர்பு எதுவும் இல்லாததால் கார் நிற்கும்போது எஞ்சினும் நின்றுபோகாது.

அதைச் சாதாரண மக்களின் காருக்குள் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ். ஏர்ல் தொம்ப்சன் என்பவரின் தலைமையில் ஒரு குழு பல வருடங்கள் வேலை செய்தது. மனுவல் கியரைச் சத்தமில்லாமல் போட உதவும் சின்க்ரோமெஷைக் கண்டுபிடித்தவரும் இதே தொம்ப்சன்தான். ஹைட்ரமட்டிக் என்ற பெயரில் 1939 இன் கடைசியில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களோடு அது வந்தது. நான்கு முன்கியர், கிளச் பெடல் கிடையாது, மேலதிக விலை 57 டொலர். பிறகு யுத்தம் வந்தது. எம்5 ஸ்டுவர்ட், எம்24 சஃபி என்ற இலகு டாங்கிகளில் கடிலாக் எஞ்சின்கள் இரண்டிரண்டாகவும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ரமட்டிக்காகவும் பூட்டப்பட்டன. யுத்தம் முடிந்ததும் கம்பனி அதையே விளம்பரமாக்கியது. போர்க்களத்தில் சோதித்துப் பார்த்த கியர்பொக்ஸ், உங்கள் வீட்டு வாசலுக்கு. யுத்தத்தில் பிழைத்த எல்லாவற்றையும் விற்கலாம் போல.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிற வருடம் 1949. அந்த வருடம் ஜெனரல் மோட்டர்ஸ் தன் கியர்பொக்ஸுக்கான எண்ணெய் எப்படி இருக்க வேண்டும் என்ற தரத்தை 'டைப் ஏ' என்ற பெயரில் வெளியிட்டது. எந்த எண்ணெய்க் கம்பனியும் அந்தத் தரத்துக்குத் தயாரிக்கலாம். சிக்காகோவில் இருந்த ஆர்மர் ஆய்வு நிறுவனம் பரிசோதித்துத் தேறினால் தகரத்தின் மேல் ஒரு இலக்கம் கிடைக்கும். அந்த இலக்கத்தைப் பார்த்து ஒரு விவசாயி தன் ஊர்ப் பெற்றோல் செட்டில் ஒரு தகரம் வாங்கி வந்து, தன் காருக்குத் தானே ஊற்றிக்கொள்ளலாம். வேறு கார்க் கம்பனிகளும் டைப் ஏயையே பயன்படுத்தச் சொல்லின. பொனட்டுக்குள் டிப்ஸ்டிக் இருந்தது. பான் என்று சொல்கிற அடித்தட்டைக் கழற்றினால் பில்டர். அந்தக் காலத்துக் கியர்பொக்ஸ்கள் பலவற்றில், எண்ணெயின் பெரும்பகுதி தங்கி நிற்கிற டோர்க் கொன்வேர்ட்டரிலும் ஒரு ட்ரெயின் நட் இருந்தது. அதையும் திறந்தால் பழைய எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் இறங்கிவிடும். ஒயில் மாத்துவது என்பது சொந்தக்காரர் செய்யக்கூடிய வேலை என்ற நினைப்போடுதான் அந்த இயந்திரத்தை வரைந்திருந்தார்கள்.

சிவப்புச் சாயமும் அதே நினைப்பில் வந்ததுதான். சாயத்துக்கும் எண்ணெயின் வேலைக்கும் தொடர்பில்லை. நிலத்தில் ஒரு துளி கிடந்தால் எஞ்சின் ஒயிலா கியர் ஒயிலா என்று பார்க்கிறவருக்கு உடனே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனித் திமிங்கிலம். ஓட்டோ கியர்பொக்ஸின் எண்ணெயிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விசயங்களைக் கேட்கிறார்கள். பற்சில்லுகளும் பெயரிங்குகளும் தேயாமல் வழுக்க வேண்டும். அதே எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் கிளச் தட்டுகளோ ஒன்றையொன்று பிடிக்க வேண்டும், அதுவும் நடுங்காமல், உதறாமல், மெதுவாக இறுகிப் பிடிக்க வேண்டும். வழுக்கலும் பிடியும் ஒரே திரவத்தில். இதைச் சரிப்படுத்த எண்ணெயில் மிகக் குறைந்த அளவில் ஒரு பொருளைக் கலப்பார்கள். அதன் மூலக்கூறுகள் உலோகத்தின் மேல் ஒட்டி நின்று, தட்டுகள் சேர்கிற கடைசிக் கணத்தின் உதறலை அடக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த வேலைக்குக் கிடைத்தவற்றில் மிகச் சிறந்தது ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்.

நாங்கள் சமைக்கிற எண்ணெய்கள் கொழுப்பு. ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் பெரிய தலைக்குள்ளும் தோலின் கீழும் இருப்பது இரசாயன ரீதியாக ஒரு திரவ மெழுகு. சூட்டுக்கும் அமுக்கத்துக்கும் அது இலகுவில் கெட்டுப்போகாது. பதனிட்ட தோலில் இருந்து நுண்ணிய இயந்திரங்கள் வரை அதற்குத் தேவை இருந்தது. 1967 இல் ஜெனரல் மோட்டர்ஸ் டைப் ஏக்குப் பதிலாக டெக்ஸ்ரன் என்ற புதிய தரத்தைக் கொண்டுவந்தபோதும், உள்ளே அந்த வேலையைச் செய்தது திமிங்கில எண்ணெய்தான்.

பாடசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த கதை வேறு. விளக்கெரிக்கத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள், மண்ணெண்ணெய் வந்தது, திமிங்கிலங்கள் தப்பின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் அதிகமாகக் கொல்லப்பட்டது பாய்மரக் கப்பலும் கையால் எறிகிற ஈட்டியும் இருந்த காலத்தில் அல்ல. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 7 லட்சத்துக்கும் அதிகமானவை கொல்லப்பட்டிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் பதிவுகளைக் கூட்டிக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1960களில் வருடத்துக்கு 20 ஆயிரத்துக்கும் மேல். பெற்றோலிய யுகம் திமிங்கிலத்தைக் காப்பாற்றவில்லை. வேட்டைக் கப்பலுக்கு டீசல் எஞ்சினைக் கொடுத்தது, பிடித்ததைக் கொண்டுபோய் ஊற்ற ஒரு புதிய இடத்தையும் கொடுத்தது.

எங்கட கடலும் இதில் இருக்கிறது. 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் நுழைந்து, சர்வதேச விதிகளை மீறித் திமிங்கிலங்களைக் கொன்றன. ஸ்பேர்ம் திமிங்கிலங்களும் அதில் அடக்கம். உண்மையான எண்ணிக்கைகள் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகே வெளியே வந்தன. அந்த எண்ணெய் அமெரிக்கக் காருக்குப் போனது என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கு அவர்களுடைய தொழிற்சாலைகள் இருந்தன. எல்லாருக்கும் அதே மிருகம் தேவைப்பட்டது என்பதுதான் விசயம்.

1970 இல் அமெரிக்கா ஸ்பேர்ம் திமிங்கிலத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த நாட்டின் கடைசித் திமிங்கில வேட்டை நிலையம் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 1971 இல் மூடப்பட்டது. 1972 இல் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், 1973 இல் அழியும் உயிரினங்கள் சட்டம். எண்ணெய்க் கம்பனிகளுக்கு இனி வேறு ஏதாவது வேண்டும்.

அந்த வேறு ஏதாவது ஒரு பாலைவனப் பற்றையில் இருந்தது. மெக்சிகோவுக்கும் அரிசோனாவுக்கும் இடையில் சொனோரன் பாலைவனத்தில் வளரும் ஹொஹோபா. அதன் விதையைப் பிழிந்தால் வருவதும் திரவ மெழுகுதான், ஸ்பேர்ம் எண்ணெயின் நெருங்கிய உறவு. அரிசோனாவின் அப்பாச்சி மக்களின் காப்பு நிலங்களில் 1970களின் தொடக்கத்தில் அரச உதவியோடு அந்த விதைகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். ஒரு மிருகத்தைக் கொல்லாமல் விடுவதற்காக, நிலம் பறிக்கப்பட்ட மக்கள் கூலிக்கு விதை பொறுக்கினார்கள் எண்டு இதைக் கசப்பாகவும் வாசிக்கலாம். அந்தக் காய்ந்த நிலத்துக்கு ஒரு பணப்பயிர் கிடைத்தது என்றும் வாசிக்கலாம். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

1973 இல் வந்த டெக்ஸ்ரன் 2 இல் ஹொஹோபா இருந்தது, ஆனால் காரியம் சுலபமாக முடியவில்லை. ஓட்டோ கியரின் சூடான எண்ணெய், ரேடியேட்டருக்குள் இருக்கிற ஒரு சிறிய கூலருக்குப் போய் ஆறி வரும். புதிய எண்ணெய் அந்தக் கூலரின் பற்றவைப்பை அரித்தது. அரித்தால் ரேடியேட்டர் நீர் எண்ணெய்க்குள் வரும். நீர் வந்தால் கிளச் தட்டில் ஒட்டியிருக்கும் கடதாசி போன்ற படை ஊறிக் கழன்றுவிடும், அத்தோடு கியர்பொக்ஸ் சரி. சில வருடங்களுக்குள்ளேயே அரிப்பைத் தடுக்கும் இரசாயனம் சேர்த்த அடுத்த வடிவத்தை வெளியிட வேண்டி வந்தது. பிறகு ஆய்வுகூடத்தில் செய்த பொருட்கள் ஹொஹோபாவின் இடத்தையும் எடுத்துக்கொண்டன.

"ஒரு மிருகத்தின் தலையில இருந்ததைத் திரும்பச் செய்ய இத்தனை வருசமோ" என்றார் மாமா, இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது. அவர் அந்த நேரம் பானின் போல்ட்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ட்ரெயின் நட்டால் வடிந்த பிறகும் பானில் எண்ணெய் மிச்சமிருக்கும். ஒரு மூலையைச் சரித்து இறக்காவிட்டால் அது முகத்தில்தான் விழும். எனக்குக் கொஞ்சம் விழுந்தது.

பானின் உள்ளே அடியில் சிறிய காந்தங்கள். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் களிம்பு போல ஒரு படை. அது வழமையான தேய்மானம், பயப்படத் தேவையில்லை. விரலில் எடுத்துத் தேய்த்தால் மையைப் போல மிருதுவாக இருக்க வேண்டும். மணல் போல நெருடினாலோ, கண்ணுக்குத் தெரிகிற இரும்புத் துண்டு இருந்தாலோதான் பிரச்சினை. மாமாவின் காரில் களிம்புதான், ஆனால் நிறைய. பழைய பில்டரைக் கழற்றிப் புதியதைப் போட்டோம். கஸ்கெற் இருந்த இடத்தைப் பிளாஸ்ரிக் தகட்டால் சுரண்டினோம், இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், அதற்குள்ளால் ஒழுகும்.

டிப்ஸ்டிக் கதைக்குத் திரும்புவோம். டைப் ஏயின் காலத்தில் ஏறத்தாழ எல்லாருக்கும் ஒரே எண்ணெய். அது நீடிக்கவில்லை. ஃபோர்ட் 1967 இல் தனக்கென்று டைப் எஃப் கொண்டுவந்தது. அது டெக்ஸ்ரனுக்கு நேரெதிர்: உதறலை அடக்கும் பொருள் இல்லாமல், கிளச் சட்டென்று பிடிக்க வேண்டும் என்று செய்தது. ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் கியர்பொக்ஸ் ஒழுங்காக வேலை செய்யாது. பிறகு கிறைஸ்லருக்கு ஒன்று, ஹொண்டாவுக்கு ஒன்று, டொயோட்டாவுக்கு டைப் டி-4, அதன் பின் டபிள்யூ.எஸ். பெற்றோல் செட்டில் ஒரு தகரம் வாங்கினால் போதும் என்ற காலம் போய்விட்டது. எங்கட கடைகளில் இப்போதும் டெக்ஸ்ரன் 3 என்று போட்ட போத்தல்கள் நிறைய இருக்கும். 2006 இன் முடிவோடு ஜெனரல் மோட்டர்ஸ் அந்தத் தரத்துக்கு அனுமதி கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அதன் பிறகு தயாரித்த போத்தலில் அந்தப் பெயர் இருந்தால், உள்ளே இருப்பதற்கு ஜெனரல் மோட்டர்ஸ் பொறுப்பல்ல, போத்தலை விற்கிறவரின் வார்த்தை மட்டும்தான்.

இத்தனை வகை வந்ததும் தவறான எண்ணெயை ஊற்றிக் கியரைக் கெடுத்தவர்களும் கூடினார்கள். அளவுக்கு மேல் ஊற்றி நுரைக்கவிட்டவர்கள், டிப்ஸ்டிக் துவாரத்தால் தூசியை உள்ளே விட்டவர்கள் எல்லாரும் உண்டு. ஆகவே துவாரத்தை மூடிவிட்டால் என்ன என்று பொறியியலாளர்கள் யோசித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. எண்ணெயும் உண்மையிலேயே திருந்தியிருந்தது, பழையதைவிடப் பல மடங்கு நாள் உழைக்கக்கூடியதாக. 1990களின் நடுப்பகுதியில் இருந்து ஐரோப்பியக் கார்களிலும், 2000களில் ஜப்பானியக் கார்களிலும் டிப்ஸ்டிக் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. பதிலுக்குப் பக்கவாட்டில் ஒரு நட், அடியில் வழிந்தோடும் ஒரு நட். எண்ணெயின் வெப்பநிலை குறிப்பிட்ட ஒரு எல்லைக்குள் இருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, அடி நட்டைத் திறந்து, மெல்லிய நூலாக வழிந்தால் அளவு சரி. செய்ய ஏலாத வேலையில்லை. ஆனால் காரை நான்கு பக்கமும் மட்டமாகத் தூக்க வேண்டும், வெப்பநிலையை வாசிக்க ஒரு கருவி வேண்டும்.

இந்த இடத்தில்தான் 'லைஃப்டைம்' என்ற சொல் வருகிறது. சில கார்களின் கியர்பொக்ஸிலேயே அப்படி ஒட்டி அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியக் கார்க் கம்பனிகள் பலவற்றுக்குக் கியர்பொக்ஸ் செய்து கொடுக்கிற ஜேர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் ஓட்டோ கியர்பொக்ஸ்களுக்கு 80,000 தொடக்கம் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாத்தச் சொல்கிறது. கியர்பொக்ஸைச் செய்தவர் மாத்து என்கிறார், காரை விற்றவர் தேவையில்லை என்கிறார். காரை விற்கிறவருக்கு முதல் சில வருடச் செலவுக் கணக்குக் குறைவாகத் தெரிய வேண்டும். அந்தக் கணக்குக்குள் இரண்டாவது சொந்தக்காரர் வருவதில்லை. மூன்றாவது ஆளைப் பற்றிக் கதையே இல்லை.

நாங்கள்தான் அந்த மூன்றாவது ஆள். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடத்தில் ஷாக்கன் என்கிற கட்டாயப் பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. செலவு கூடக் கூடப் பலர் காரை மாற்றிவிடுகிறார்கள், அதில் ஒரு பகுதி கப்பலேறி இங்கே வருகிறது. இங்கே வந்த கார் திரும்பி எங்கேயும் போவதில்லை. அம்பாந்தோட்டையில் இறங்கி, கொழும்பில் ஒருவர் ஓடி, வவுனியாவில் ஒருவர் ஓடி, யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஓடுகிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த கார்தான் கார். அந்தந்தக் கம்பனி எந்த ஆயுளை மனதில் வைத்து அந்தச் சொல்லை எழுதியதோ, எங்கட கார்களில் எத்தனையோ அதை எப்போதோ தாண்டிவிட்டன.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40யும் மொறிஸ் மைனரும் ஓடியதைப் பற்றி வீட்டுக்கு வீடு கதை உண்டு. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள். அந்தக் காலத்து ஆட்களின் கெட்டித்தனம் என்று அதைச் சொல்லுவினம். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கார்களும் தங்கள் பங்கைச் செய்தன: எல்லா நட்டும் கைக்கு எட்டியது, எதுவும் மூடி முத்திரை வைத்திருக்கவில்லை. இன்று அப்படியொரு நிலை வந்தால், டிப்ஸ்டிக் இல்லாத ஒரு காரோடு அதே கெட்டித்தனம் எவ்வளவு தூரம் ஓடும்?

"மாத்தினா கியர் போயிடும்" என்ற பயத்துக்கு வருவோம். அதில் ஒரு துண்டு உண்மை உண்டு. கிளச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கத் தொடங்கியிருந்தால் புது எண்ணெய் அவற்றைக் காப்பாற்றாது. அடுத்த வாரம் கியர் போகும், பழி எண்ணெயில் விழும். இயந்திரம் வைத்து அமுக்கத்தோடு பழைய எண்ணெய் முழுவதையும் ஒரேயடியாகக் கழுவித் தள்ளுவதும் பழைய கியர்பொக்ஸுக்கு நல்லதல்ல, எங்கேயோ அடங்கிக் கிடந்த அழுக்கு எழும்பி வால்வுகளுக்குள் போய் அடைக்கும். வடியவிட்டு அதே அளவை ஊற்றும் முறையில் அந்த ஆபத்துக் குறைவு. மாமாவின் காரில் மொத்தம் ஆறு லீற்றருக்கு மேல் இருக்கும், வடிந்தது மூன்று லீற்றர் அளவு. மீதி டோர்க் கொன்வேர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதற்கு இப்போது ட்ரெயின் நட் கிடையாது. அதனால் சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்ற வேண்டும்.

வடிந்ததைச் சோடாப் போத்தல்களில் ஊற்றி அளந்தோம். அளந்த அதே அளவு புதிய டைப் டி-4ஐ, டிப்ஸ்டிக் இருந்த குழாய்க்குள்ளால் புனல் வைத்து ஊற்றினோம். அதுதான் பலருக்குத் தெரியாத விசயம்: டிப்ஸ்டிக்கின் துவாரம் எண்ணெய் ஊற்றும் துவாரமும்கூட. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியருக்கும் மாற்றி, சில கணம் நிறுத்தி, மீண்டும் பார்க்கிங்குக்கு. சுன்னாகம் வரை ஓடிப்போய்ச் சூடாக்கிக்கொண்டு வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, திரும்ப விட்டு, எடுத்துப் பார்த்தோம். சூட்டுக்குரிய இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சிவப்பு. முழுச் சிவப்பில்லை, பழையதோடு கலந்த ஒரு மங்கல் சிவப்பு. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இருந்த இடி குறைந்திருக்கு எண்டு மாமா சொல்கிறார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் அந்தக் காரை ஒவ்வொரு நாளும் ஓடுகிறவர் அவர்.

திமிங்கிலக் கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கு. 1979 இல் சீசெல்ஸின் முன்மொழிவில் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு, 1980களின் முற்பகுதியில் 'டுலிப்' என்ற சிறிய பாய்மரப் படகு ஆய்வாளர்களோடு இலங்கைக் கடலுக்கு வந்தது. அவர்கள் தேடி வந்தது ஸ்பேர்ம் திமிங்கிலங்களை. கொல்லாமல், நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி அவை எழுப்பும் டிக் டிக் சத்தத்தைக் கேட்டபடி பின்தொடர்ந்து போனார்கள். திருகோணமலைக் கடலிலும் அவற்றைக் கண்டார்கள். இன்றும் அங்கே படகில் போகிறவர்கள் காண்கிறார்கள்.

மிச்சமாக இருப்பது அந்தப் பிளேன்ரீ. மூன்று லீற்றர் கழிவொயில் சோடாப் போத்தல்களில் மாமா வீட்டுக் கோடிக்குள் நிற்கிறது. முந்தியென்றால் வேலிக் கதியாலுக்கும் கூரை மரத்துக்கும் கறையானுக்காகப் பூசுவார்கள். இங்கே மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், ஊற்றியது எல்லாம் கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் மிதந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இரண்டு கராஜில் கேட்டோம், ஒருவர் எடுக்கமாட்டேன் என்றார், மற்றவர் "கொண்டு வாங்கோ, பின்னால ஊத்தலாம்" என்றார். மாமா ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். அடுத்த முறை வடிக்கும்போது இன்னும் மூன்று லீற்றர் சேரும்.